மல்லர் கம்பப் பயிற்சி வகைகள்

மல்லர் கம்பம் என்பது செங்குத்தாக நிறுத்தப்பட்ட மரக் கம்பத்திலோ, தொங்கவிடப்பட்ட கம்பத்திலோ, கயிற்றிலோ உடலைப் பிணைத்து நிகழ்த்தப்படும் இந்திய மரபு உடற்பயிற்சியும் விளையாட்டும் ஆகும். மற்போர் வீரர்களின் துணைப் பயிற்சியாக இருந்த இது, பின்னர் தனி விளையாட்டாக வளர்ச்சி பெற்றது. போட்டிகளில் இன்று மூன்று வகைகள் இடம்பெறுகின்றன. அவை நிலைக் கம்பம், தொங்கு கம்பம், கயிறு ஆகியனவாகும். மூன்றும் ஒரே பெயரால் வழங்கப்பட்டாலும் அவை உடலிடம் வேண்டும் திறன்கள் வெவ்வேறானவை. நிலைக் கம்பம் அசைவதில்லை. தொங்கு கம்பம் ஊசலாடிச் சுழல்கிறது. கயிறு பிடிக்கும் இடத்தில் எல்லாம் வளைந்து கொடுக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிடிக்கும் முறை, பயன்படும் தசைகள், பயிற்சியின் வரிசை, காயங்களின் தன்மை ஆகிய ஏனைய வேறுபாடுகள் பெரும்பாலும் தோன்றுகின்றன.

இக்கட்டுரை மூன்று வகைகளையும் ஒப்பிட்டு விளக்குகிறது.

பெயர்

மராத்தி மொழியில் இப்பயிற்சி மல்லகாம்ப் என வழங்கப்படுகிறது. மல்ல என்பது மற்போர் வீரரையும், காம்ப் என்பது கம்பத்தையும் குறிக்கும். தமிழில் மல்லர் கம்பம் என்ற பெயர் நிலைபெற்றுள்ளது. மல், மல்லன், மற்போர் ஆகிய சொற்கள் தமிழிலும் பழமையானவை என்பதால் இப்பெயர் மொழிபெயர்ப்பாகத் தோன்றாமல் இயல்பாகவே அமைந்துவிட்டது. கயிற்றில் செய்யப்படும் வகையில் கம்பமே இல்லை எனினும், அதுவும் கயிற்று மல்லர் கம்பம் என்றே அழைக்கப்படுகிறது.

வரலாறு

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மற்போர் வீரர்களின் பயிற்சிகளைப் பற்றிக் கூறுமிடத்துக் கம்பப் பயிற்சியையும் குறிப்பிடுகிறது. இதுவே இப்பயிற்சிக்குரிய பழைய எழுத்துச் சான்றாகப் பொதுவாக எடுத்துக்காட்டப்படுகிறது.

இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராத்தியப் பகுதியில் உருவானது. பேசுவா இரண்டாம் பாசிராவின் அவையில் மற்போர் ஆசிரியராக இருந்த பாலம்பட்ட தாதா தேவதர் இதற்குப் புத்துயிர் அளித்தவராகக் கருதப்படுகிறார். குரங்குகள் மரங்களில் தாவித் திரிவதைக் கண்டே அவர் இப்பிடிகளை வகுத்தார் என்று மரபுக் கதை ஒன்று கூறுகிறது. அனுமனை இப்பயிற்சியின் காவல் தெய்வமாகப் போற்றும் வழக்கமும் இதனோடு தொடர்புடையது. ஆங்கிலேயரிடம் 1818இல் ஆட்சியை இழந்த பாசிராவ், கங்கைக் கரையிலுள்ள பிதூரில் குடியேறினார். அவருடன் இப்பயிற்சியும் வடஇந்தியாவிற்குப் பரவியது. பிதூரில் வளர்ந்த நானா சாகிபும், பின்னர் சான்சி அரசியாக அறியப்பட்ட இலட்சுமிபாயும் இளமையில் இதனைப் பயின்றதாகக் கூறப்படுகிறது.

20ஆம் நூற்றாண்டில் மகாராட்டிரத்தின் உடற்பயிற்சிக் கழகங்கள் இதனைப் பேணி வளர்த்தன. அமராவதியிலுள்ள அனுமன் வியாயாம் பிரசாரக் மண்டலைச் சேர்ந்த குழு ஒன்று 1936இல் பெர்லினுக்குச் சென்று, ஒலிம்பிக் போட்டிகளையொட்டி இந்திய மரபு விளையாட்டுகளைச் செய்து காட்டியது. 1958இல் தேசியச் சீருடற்பயிற்சிப் போட்டிகளின் பகுதியாக மல்லர் கம்பம் சேர்க்கப்பட்டது. தனியான அகில இந்தியப் போட்டி 1981இல் மத்தியப் பிரதேசத்தின் உச்சயினியில் நடைபெற்றது. இந்திய மல்லர் கம்பக் கூட்டமைப்பும் அவ்வாண்டிலேயே தோன்றியது.

பொதுவான கூறுகள்

மூன்று வகைகளுக்கும் பொதுவாகச் சில கூறுகள் உள்ளன. அவையாவன:

* பயிற்சியாளர் தம் உடல் எடை முழுவதையும் தாங்கியின் மீதே சுமத்துகிறார். தரை தொடக்கத்திற்கும் முடிவிற்கும் மட்டுமே பயன்படுகிறது.
* வெறுந்தோல் தாங்கியின் மீது உராய்வதே பிடிக்கு அடிப்படை. ஆகவே உடை குறைவாகவும் உடலோடு ஒட்டியதாகவும் இருக்கும்.
* யோகாசன நிலைகள் பல தாங்கியின் மீது செய்யப்படுகின்றன. தரையில் கைகால்களை ஊன்றிச் செய்யும் ஆசனம் ஒன்று, இங்கே தொடையையோ அக்குளையோ ஊன்றுகோலாகக் கொண்டு செய்யப்படுகிறது.
* ஏறுதல், பிடித்தல், சுழலுதல், நிலை காட்டுதல், இறங்குதல் ஆகியவை இடைவெளியின்றித் தொடர வேண்டும். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தடுமாற்றமின்றிச் செல்வதே தேர்ச்சியின் அடையாளமாகும்.

பிடிகளின் பெயர்கள் பெரும்பாலும் மராத்தியில் உள்ளன. கம்பத்தை வணங்கித் தொடங்கும் நிலை சலாமி எனவும், தாவி ஏறுதல் உடி எனவும், அக்குளால் பற்றுதல் பக்லி எனவும், கொடிபோல் கம்பத்தைச் சுற்றிச் செல்லுதல் வேல் எனவும் அழைக்கப்படுகின்றன. கைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வளையத்தினூடே உடலை நுழைத்து வெளிவருதல் சுயிதோரா எனப்படும். இதற்கு ஊசியும் நூலும் என்பது பொருள். தமிழ்நாட்டுப் பயிற்சியிடங்களிலும் இப்பெயர்கள் பல அப்படியே வழங்குகின்றன.

வகைகள்

நிலைக் கம்பம்

இதுவே மூல வகையாகும். தேக்கு அல்லது சீசம் மரத்தாலான கம்பம் தரையில் ஆழமாக நடப்படுகிறது. தரைக்கு மேல் அதன் உயரம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் இருக்கும். கம்பம் அடியில் பருத்து, மேலே செல்லச் செல்லச் சிறுத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே கழுத்துப் போன்ற ஒடுங்கிய பகுதியைக் கொண்டிருக்கும். அதற்கு மேல் உருண்டையான குமிழ் ஒன்று உண்டு. அடிப்பகுதியின் சுற்றளவு சுமார் 55 செ.மீ. ஆகும்.

இவ்வடிவம் மனித உடலை நினைவூட்டுவதாக அமைந்துள்ளது. மற்போரில் எதிராளியின் இடையையும் கழுத்தையும் பற்றுவதற்குரிய பயிற்சியைக் கம்பம் அளித்தது. எதிராளி இல்லாத வேளையிலும் பிடிகளைப் பழக இயன்றது.

கம்பத்தின் மீது ஆமணக்கெண்ணெய் பூசப்படுகிறது. மரம் தோலை அளவுக்கு மீறி உராய்ந்து புண்ணாக்காமல் இருக்கவே இவ்வாறு செய்கின்றனர். எண்ணெய் கூடினால் பிடி வழுக்கும். குறைந்தால் சுழலும்போது தோல் உரியும். எவ்வளவு பூசுவது என்பதைக் காற்றின் ஈரப்பதத்தையும் வியர்வையையும் கொண்டு ஆசிரியரே முடிவு செய்வார்.

தொடைகளின் உட்புறத் தசைகளே இவ்வகையில் முதன்மையான பிடியாகும். தேர்ந்தவர் இரு கைகளையும் விரித்து, தொடைகளால் மட்டும் கம்பத்தைக் கவ்வி, தலைகீழாக நிற்பதைக் காணலாம். குமிழின் மீது ஒற்றைக் காலில் நிற்றல், வயிற்றை ஊன்றிக் கிடைநிலையில் படுத்தல் ஆகியனவும் இவ்வகைக்கே உரியவை. கம்பம் உறுதியாக நிற்பதால் விரைவான தாவல்களுக்கும் குட்டிக்கரணத்துடன் இறங்குவதற்கும் இடமுண்டு.

தொங்கு கம்பம்

நிலைக் கம்பத்தைவிடக் குட்டையான கம்பம், கொக்கியும் சங்கிலியும் கொண்டு மேலிருந்து தொங்கவிடப்படுகிறது. கம்பத்தின் அடிக்கும் தரைக்கும் இடையே வெளி இருக்கும். இதன் விளைவாகப் பயிற்சியாளரின் ஒவ்வோர் அசைவிற்கும் கம்பம் எதிர்வினை புரிகிறது. உடல் வலப்புறம் சாய்ந்தால் கம்பம் இடப்புறம் நகர்கிறது. உடல் திரும்பினால் கம்பமும் சுழல்கிறது.

நிலைக் கம்பத்தில் கற்ற பிடிகளே பெரும்பாலும் இங்கும் பயன்படுகின்றன. எனினும் அவற்றை விரைவாகச் செய்ய முயன்றால் ஊசலாட்டம் மிகுந்து கட்டுப்பாடு குலையும். எனவே ஊசலின் வேகத்தோடு தம் அசைவைப் பொருத்திக்கொள்ளும் காலவுணர்வு இதில் இன்றியமையாதது. வயிறு, இடுப்பு, முதுகு ஆகியவற்றின் ஆழத் தசைகள் தொடர்ந்து இறுகியிருக்க வேண்டியுள்ளது. சுழற்சியினால் தொடக்கத்தில் தலைச்சுற்றல் ஏற்படுவதும் உண்டு.

நிலைக் கம்பத்தில் ஓரளவு தேர்ச்சி பெற்ற பின்னரே மாணவர்களை இதற்கு அனுப்புவது வழக்கம்.

கயிற்று மல்லர் கம்பம்

முன்னாளில் இவ்வகை பிரம்பில் செய்யப்பட்டது. ஏற்ற தரமுடைய நீண்ட பிரம்பு கிடைப்பது அரிதானதால் பருத்திக் கயிறு அதன் இடத்தைப் பிடித்தது. கயிறு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளமும், ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை தடிப்பும் கொண்டிருக்கும்.

பயிற்சியாளர் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கயிற்றைக் கவ்விக்கொண்டு மேலேறுகிறார். கயிற்றைத் தொடை, இடுப்பு, முதுகு ஆகியவற்றைச் சுற்றி வளைத்து, அச்சுற்றின் இறுக்கத்தில் உடலை நிறுத்தி ஆசனங்களைக் காட்டுகிறார். கயிற்றில் முடிச்சு விழக்கூடாது என்பது இவ்வகையின் முதன்மையான விதி. ஒவ்வொரு சுற்றும் இழுத்தவுடன் அவிழ்ந்துவிடத் தக்கதாக இருக்க வேண்டும். எந்தச் சுற்று எந்த வரிசையில் அவிழும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே செய்ய வேண்டியிருப்பதால், இவ்வகையில் உடலைப் போலவே நினைவாற்றலும் உழைக்கிறது.

கயிறு மெல்லியது என்பதால் உடல் எடை முழுவதும் தோலின் மிகச் சிறிய பரப்பில் இறங்குகிறது. தொடக்க மாதங்களில் கால் விரல்களின் இடுக்கிலும் தொடையிலும் சிவந்த தடங்களும் சிராய்ப்புகளும் தோன்றும். மற்ற இருவகைகளைவிடத் தொடக்கத்தில் மிகுந்த வலி தருவது இதுவே. விரல் இடுக்கின் தோல் தடித்த பின் இவ்வலி குறைகிறது.

பிற வகைகள்

போட்டிகளில் இடம்பெறாத, காட்சிக்கென்றே நிகழ்த்தப்படும் வகைகளும் உள்ளன. நிராதார மல்லர் கம்பத்தில் கம்பம் தரையில் நடப்படாமல், கண்ணாடிப் புட்டிகளின் மேல் வைக்கப்பட்ட பலகையின் மீது நிறுத்தப்படுகிறது. பயிற்சியாளர் சமநிலை தவறினால் எல்லாமே சரிந்துவிடும். தீப்பந்தங்களை ஏந்தியும், கத்திகள் பொருத்திய கம்பத்திலும் செய்யப்படும் காட்சிகளும் உண்டு. பலர் ஒரே கம்பத்தில் ஏறிக் கூட்டாக வடிவங்களை அமைப்பது விழாக்களில் மக்களை மிகவும் ஈர்ப்பதாகும்.

ஒப்பீடு

தாங்கியின் இயல்பு: நிலைக் கம்பம் அசையாதது, பருமனானது. தொங்கு கம்பம் பருமனானது, ஆனால் ஊசலாடிச் சுழல்வது. கயிறு மெல்லியது, எவ்விடத்திலும் வளைவது.

பிடியின் அடிப்படை: நிலைக் கம்பத்தில் தொடையின் அழுத்தமும் தோலின் உராய்வும். தொங்கு கம்பத்தில் இவற்றோடு ஊசலைக் கணிக்கும் திறன். கயிற்றில் கால் விரல்களின் பற்றும் கயிற்றின் சுற்றும்.

மிகுதியாக உழைக்கும் உறுப்புகள்: நிலைக் கம்பத்தில் தொடை, தோள், மேல்முதுகு. தொங்கு கம்பத்தில் வயிறும் இடுப்பும். கயிற்றில் முன்கை, விரல்கள், கணுக்கால். முதுகெலும்பின் வளையுந்தன்மை மூன்றிலும் தேவைப்பட்டாலும் கயிற்றிலேயே அது மிகுதியாக வெளிப்படுகிறது.

விரைவு: நிலைக் கம்பம் விரைவிற்கும் தாவலுக்கும் ஏற்றது. தொங்கு கம்பம் அளந்த அசைவை வேண்டுகிறது. கயிற்றில் ஏறுதல் நிதானமாகவும், சுற்றுகளை அவிழ்த்து இறங்குதல் மிக விரைவாகவும் நிகழக்கூடும்.

காண்போருக்குத் தோன்றும் தன்மை: நிலைக் கம்பம் வலிமையையும், தொங்கு கம்பம் கட்டுப்பாட்டையும், கயிறு நளினத்தையும் முன்னிறுத்துவதாகக் கூறுவர். இது பார்வையாளரின் மனப்பதிவே. கயிற்றில் உடலை மேலிழுக்கத் தேவைப்படும் கைவலிமை கம்பத்திற்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்ததன்று.

வழக்கமான காயங்கள்: நிலைக் கம்பத்தில் தோல் உரிதலும், தவறாக இறங்குவதால் கணுக்கால் சுளுக்குதலும். தொங்கு கம்பத்தில் கம்பத்தோடு மோதுதல். கயிற்றில் உராய்வுச் சூட்டினால் ஏற்படும் தோல் புண்.

இடமும் செலவும்: நிலைக் கம்பத்திற்குக் கடைந்தெடுத்த நல்ல மரம் வேண்டும், ஒருமுறை நட்டால் பல்லாண்டு உழைக்கும். தொங்கு கம்பத்திற்குக் கம்பத்தோடு, எடையையும் ஊசலையும் தாங்கும் வலுவான சட்டகமும் வேண்டும். கயிற்றிற்குத் தேவையானவை கயிறும், உயரமான உறுதியான உத்தரமுமே. மூன்றனுள் குறைந்த செலவில் தொடங்கத்தக்கது கயிறே.

பெண்களின் பங்கு

நெடுங்காலம் கம்பம் ஆண்களுக்கு, கயிறு பெண்களுக்கு என்ற பிரிவினை நிலவியது. மற்போர்க் களங்கள் ஆண்களுக்கே உரியனவாக இருந்ததும், வெறுந்தோல் கம்பத்தில் பட வேண்டும் என்பதும் இதற்குக் காரணங்களாயின. கயிற்றில் முழுக்கால் உடையோடு ஓரளவு செய்ய இயலும் என்பதால் அது பெண்களுக்கு ஏற்றதெனக் கருதப்பட்டது. உடற்கூறு சார்ந்த காரணம் எதுவும் இப்பிரிவினைக்கு இல்லை. கம்பத்திற்கு முதன்மையாகத் தேவைப்படும் தொடை வலிமையும் சமநிலையும் சிறுமியரிடம் நன்கு அமைவதைப் பயிற்சியாளர்கள் கண்டுள்ளனர்.

இப்பிரிவினை படிப்படியாகத் தளர்ந்து, தேசியப் போட்டிகளில் பெண்களுக்குக் கயிற்றோடு நிலைக் கம்பமும் சேர்க்கப்பட்டது. ஆண்கள் மூன்று வகைகளிலும் போட்டியிடுகின்றனர். மும்பையைச் சேர்ந்த வீராங்கனை இமானி பரப் 2021ஆம் ஆண்டிற்கான அருச்சுனா விருதைப் பெற்றது, இவ்விளையாட்டில் பெண்கள் அடைந்த இடத்தைக் காட்டுவதாக அமைந்தது. ஆயினும் பல பயிற்சியிடங்களில் புதிதாகச் சேரும் சிறுமியைக் கேட்காமலே கயிற்றுக்கு அனுப்பும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சேரும் மாணவரின் கைவலிமை, கால் விரல்களின் அமைப்பு, உயரத்தைப் பற்றிய அச்சம் ஆகியவற்றைக் கண்டறிந்து வகையைத் தெரிவு செய்வதே பொருத்தமானதாகும்.

போட்டிகளும் அங்கீகாரமும்

போட்டியில் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட நேரத்திற்குள் ஒரு தொடர் நிகழ்ச்சியைச் செய்து காட்ட வேண்டும். அசைவுகளின் கடினம், அவற்றைச் செய்த நேர்த்தி, ஒன்றோடொன்று இணைத்த விதம், புதுமை ஆகியவற்றைக் கொண்டு நடுவர்கள் மதிப்பெண் அளிக்கின்றனர். நிலை தவறுதலுக்கும் தரையைத் தொடுதலுக்கும் மதிப்பெண் குறைக்கப்படும்.

மத்தியப் பிரதேச அரசு 2013இல் மல்லர் கம்பத்தை மாநில விளையாட்டாக அறிவித்தது. முதலாவது உலக மல்லர் கம்பப் போட்டி 2019 பெப்ரவரி 16, 17 ஆகிய நாட்களில் மும்பை சிவாசி பூங்காவில் நடைபெற்றது. அரியானாவில் 2022 சூனில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரிப்பயிற்று, கட்கா, தாங்-தா ஆகியவற்றுடன் மல்லர் கம்பமும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் குசராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இது இடம்பெற்றது.

உச்சயினியின் பயிற்சியாளர் யோகேசு மாளவியாவிற்கு 2020இல் துரோணாச்சார்யா விருது வழங்கப்பட்டது. மும்பை சிறீ சமர்த்த வியாயாம் மந்திரின் உதய் தேசுபாண்டே 2024இல் பத்மசிறீ விருது பெற்றார்.

சத்தீசுகரின் நாராயண்பூர் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுவர்களைக் கொண்டு அமைந்த அபூச்மாடு மல்லர் கம்பக் குழு, 2023இல் தேசியத் தொலைக்காட்சித் திறன் போட்டி ஒன்றில் முதலிடம் பெற்றது. காடும் மலையும் சூழ்ந்த, விளையாட்டு வசதிகள் குறைந்த பகுதியிலும் இப்பயிற்சி வேரூன்ற முடியும் என்பதற்கு இக்குழு சான்றாகக் காட்டப்படுகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் மல்லர் கம்பத்திற்குப் பெயர்பெற்ற இடம் விழுப்புரம் ஆகும். இங்குப் பயின்ற மாணவர்கள் தேசியப் போட்டிகளில் மாநிலத்தின் சார்பில் பங்கேற்று வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் எளிய குடும்பங்களைச் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள். பொங்கல் விழாக்களிலும் அரசு விழாக்களிலும் சிலம்பத்தோடு மல்லர் கம்பமும் நிகழ்த்தப்படுவதால், போட்டிகளை அறியாத மக்களும் இதனை அறிந்துள்ளனர். 2024 சனவரியில் சென்னை, திருச்சிராப்பள்ளி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் மல்லர் கம்பம் இடம்பெற்றது.

விழுப்புரத்திற்கு மேற்கே திருவண்ணாமலை மாவட்டமும், அதன் மேற்கு எல்லையில் சவ்வாது மலை அடிவாரத்தில் செங்கமும் அமைந்துள்ளன. இத்தகைய ஊர்களிலும் மலைக்கிராமங்களிலும் உள்ள பள்ளிகளுக்கு, சீருடற்பயிற்சிக் கூடத்தின் செலவு எட்டாதது. அங்கெல்லாம் வகையைத் தெரிவு செய்தல் என்பது விருப்பத்தைப் பொறுத்தது மட்டுமன்று. எதனைத் தொடங்க முடியும் என்பதையும் பொறுத்தது. ஒரு கம்பத்தை நடவும் ஒரு கயிற்றைத் தொங்கவிடவும் திறந்தவெளி போதும். ஆனால் தேர்ந்த ஆசிரியர் இன்றிக் கருவிகளை மட்டும் அமைப்பதால் பயனில்லை, தீங்கும் நேரலாம். ஆசிரியர் கிடைப்பதே இவ்விளையாட்டின் பரவலுக்குப் பெருந்தடையாக உள்ளது.

ஒத்த பயிற்சிகள்

வழுக்கு மரம்: தமிழகக் கோயில் விழாக்களில், குறிப்பாகக் கண்ணன் பிறப்பு விழாவில், எண்ணெய் பூசிய உயரமான மரத்தில் இளைஞர்கள் ஏறுவர். கீழிருப்போர் நீரை ஊற்றி அவர்களைத் தடுப்பர். இங்கும் எண்ணெயும் தொடைப் பிடியும் உண்டு. எனினும் வழுக்கு மரத்தில் உச்சியிலுள்ள பரிசை அடைதலே நோக்கம். மல்லர் கம்பத்தில் ஏறிய பின் செய்வதே பயிற்சி.

கழைக்கூத்து: மூங்கில்களுக்கிடையே கட்டிய கயிற்றின் மீது நடந்து காட்டும் கலை. பறையொலிக்கேற்பக் கயிற்றில் ஆடும் ஆரியக்கூத்தரைப் பற்றிய குறிப்பு குறுந்தொகையின் 7ஆம் பாடலில் உள்ளது. இதில் கயிறு கிடையாகக் கட்டப்படுவதால் இதனைக் கயிற்று மல்லர் கம்பத்தின் முன்னோடியாகக் கொள்வதற்கில்லை.

பாலே கிடைக்கழிப் பயிற்சி: நகரங்களின் உடற்பயிற்சி நிலையங்களில் இன்று பார் என்ற பெயரில் கற்பிக்கப்படும் பயிற்சி, பாலே நடனக்காரர் பற்றிக்கொண்டு பழகும் கிடையான கழியிலிருந்து தோன்றியது. செருமனியிலிருந்து இலண்டனில் குடியேறிய நடனக் கலைஞர் உலோட்டி பெர்க் 1959இல் இதனைப் பொதுமக்களுக்குரிய பயிற்சியாக வகுத்தார். அவரிடம் பயின்ற இலிடியா பாக் 1971இல் நியூயார்க்கிற்கு இதனைக் கொண்டு சென்றார். 2001ஆம் ஆண்டிற்குப் பின் அமெரிக்காவில் இதிலிருந்து பல கிளைமுறைகள் தோன்றின. சில முறைகள் ஓர் அங்குல அளவிலான சிற்றசைவுகளை மீண்டும் மீண்டும் செய்து தசையைக் களைப்படையச் செய்கின்றன. சில, பெரிய அசைவுகளைத் தொடர்ச்சியாகச் செய்து இதயத் துடிப்பை உயர்த்துகின்றன. வேறு சில, பிலாத்தே, யோகாசனம் ஆகியவற்றை உடன் கலக்கின்றன.

இவை யாவற்றிலும் கழி சமநிலைக்கு மட்டுமே துணை. உடல் எடையைக் கால்களே தாங்குகின்றன. முழங்காலை வெளிப்புறமாகத் திருப்பி மடக்கி நிற்கும் அதன் அடிப்படை நிலை, பரதநாட்டியத்தின் அரைமண்டியை ஒத்தது. மல்லர் கம்பத்திலோ எடை முழுவதையும் தாங்கியே ஏற்கிறது. ஆகவே முதியோரும், பல்லாண்டு உடற்பயிற்சி செய்யாதோரும் கிடைக்கழிப் பயிற்சியைத் தொடங்குவது எளிது. மல்லர் கம்பத்தை இளம் வயதில் தொடங்குவதே நலம்.

தண்டு விளையாட்டு: மேலைநாடுகளில் மெல்லிய உலோகத் தண்டில் செய்யப்படும் பயிற்சி. தண்டு சுழலும் வகை, சுழலா வகை என இதிலும் இரண்டு உண்டு. நிலைக் கம்பத்திற்கும் தொங்கு கம்பத்திற்கும் உள்ள வேறுபாட்டோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். உலோகத் தண்டு கைக்குள் அடங்குவதால் அதில் கைப்பிடி முதன்மை பெறுகிறது. மரக்கம்பம் கைக்குள் அடங்காததால் தொடைப்பிடி முதன்மை பெறுகிறது.

பயிற்சியின் வரிசையும் பாதுகாப்பும்

பொதுவாக ஆறு முதல் பத்து வயதிற்குள் பயிற்சி தொடங்கப்படுகிறது. இவ்வயதில் உடல் எடை குறைவாகவும் மூட்டுகள் நெகிழ்வாகவும் இருப்பது துணைபுரிகிறது. தொடக்கத்தில் ஓட்டம், தண்டால், பசுகி, யோகாசனம் ஆகியவற்றால் உடல் ஆயத்தப்படுத்தப்படுகிறது. பின்னர்க் கம்பத்தை வெறுமனே கட்டிப்பிடித்து நிற்கவும், இரண்டடி உயரத்தில் பிடித்துத் தங்கவும் கற்பிக்கப்படுகிறது. இறங்கும் முறையைக் கற்பிக்காமல் ஏறும் முறையைக் கற்பிக்கும் ஆசிரியர் நல்லாசிரியர் அல்லர்.

பின்வரும் முறைகள் பின்பற்றப்பட வேண்டும்:

* கம்பத்தைச் சுற்றிலும், கயிற்றின் கீழும் தடித்த மெத்தை விரிக்கப்பட வேண்டும்.
* கயிற்றின் இழைகளையும், தொங்கு கம்பத்தின் கொக்கியையும் சங்கிலியையும் ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் சோதிக்க வேண்டும்.
* மரக்கிளையில் கயிறு கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. வெளியே பச்சையாகத் தோன்றும் கிளை உள்ளே உளுத்திருக்கக்கூடும்.
* நகை, கடிகாரம், அரைஞாண் கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.
* உணவுண்டவுடன் பயிற்சி செய்தல் கூடாது.
* தலைகீழ் நிலைகளைக் கற்கும் காலத்தில் ஆசிரியரின் கை எட்டும் தொலைவிலேயே மாணவர் இருக்க வேண்டும்.
* உயர் இரத்த அழுத்தம், காதுச் சமநிலைக் கோளாறு, தோள் மூட்டு நழுவுதல் ஆகியவை உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்குதல் கூடாது. தொங்கு கம்பத்திற்கு இது மிகவும் பொருந்தும்.

பார்வைக் குறைபாடு உடையோரும் உரிய துணையுடன் இப்பயிற்சியில் தேர்ச்சி பெற்றுள்ளனர். தாங்கி எப்பொழுதும் உடலோடு ஒட்டியே இருப்பதால், தொடுவுணர்வைக் கொண்டே இடத்தையும் திசையையும் அறிந்துகொள்ள அவர்களால் இயல்கிறது.

எவ்வகையைத் தெரிவு செய்வது

பயிற்சியைத் தொடங்குவோருக்கு நிலைக் கம்பமே பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கது. தாங்கி அசையாதிருப்பதால் தவறு எங்கே நேர்ந்தது என்பதை மாணவரும் ஆசிரியரும் எளிதில் காண முடிகிறது. மெலிந்த உடலும் வளையும் முதுகும் கொண்டோர், ஆணாயினும் பெண்ணாயினும், கயிற்றில் விரைந்து முன்னேறுவர். தொங்கு கம்பம் தொடக்கநிலைக்கு உரியதன்று. வசதி குறைந்த பள்ளிகள் ஒரு நிலைக் கம்பத்தோடும் ஒரு கயிற்றோடும் தொடங்கினால், ஆண், பெண் இருபாலாரும் போட்டிகளில் பங்கேற்பதற்கு அதுவே போதுமானதாகும்.

இவற்றையும் பார்க்க

* மற்போர்
* சிலம்பம்
* களரிப்பயிற்று
* கழைக்கூத்து
* வழுக்கு மரம் ஏறுதல்
* யோகாசனம்
* விழுப்புரம்